மழைப் படத்தின் கடைசிக் காட்சி

மின்சார அலுவலகத்தின் புகார் பிரிவில் போனை எடுப்பது ஜட்ஜம்மாவின் வேலை. "இங்க ஒரே இருட்டும்மா, அங்க உக்காந்திருக்கற உங்களுக்கு என்ன தெரியும்" என்று ஊரே அவரிடம் கத்தும். பிறந்ததிலிருந்து வெளிச்சத்தையே பார்த்திராத ஒருவரிடம் போய் இருட்டைப் பற்றி முறையிடுகிறோம் என்பது அந்தப் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியாது. ஜட்ஜம்மாவும் சொல்லிக்கொள்வதில்லை. "கொஞ்சம் பொறுத்துக்குங்க, பழகிடும்" என்று ஒருமுறை வாய் தவறிச் சொல்லிவிட்டு மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

ஜட்ஜம்மா என்பது அலுவலகத்தார் வைத்த பெயர். அம்மையாருக்குச் சினிமாப் பைத்தியம். சும்மா பார்த்துவிட்டுப் போகிற பைத்தியம் இல்லை, தீர்ப்பு சொல்கிற பைத்தியம். விடுமுறை முடிந்து அலுவலகம் திறந்தால், சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து மேசைக்காரர்கள் டப்பாவைத் தூக்கிக்கொண்டு அவர் இருக்கைக்கு வந்துவிடுவார்கள். இரண்டு கண்ணாலும் படத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள்கூட, அது நல்ல படமா இல்லையா என்று இவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்வார்கள்.

இந்தத் தீர்ப்புகளைப் போனில் பேசிப் பதிவு செய்து, பார்வையில்லாத நண்பர்கள் நாலைந்து பேருக்கு அனுப்ப ஆரம்பித்தார். அவர்கள் தங்களுக்குத் தெரிந்த நாலைந்து பேருக்கு அனுப்பினார்கள். இப்போது அது 'காதால் பார்த்த படம்' என்ற பெயரில் வாராவாரம் வருகிற நிகழ்ச்சி. ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு மதிப்பெண். ஒன்று படத்துக்கு, இன்னொன்று வர்ணனைக்கு. வர்ணனை என்பது, திரையில் யாரும் பேசாத நேரத்தில் அங்கே என்ன நடக்கிறது என்று காதுக்குள் சொல்கிற குரல். போனில் அதற்கென்று ஒரு செயலி இருக்கிறது. தியேட்டரில் உட்கார்ந்து காதில் மாட்டிக்கொண்டால் படத்தோடு சேர்ந்து அதுவும் ஓடும்.

படம் எடுத்தவர்கள்கூட ஜட்ஜம்மாவிடம் தப்பித்துவிடலாம். வர்ணித்தவர்கள் தப்ப முடியாது. "கார் என்ன கலர், சீட்டு என்ன கலர்னு விலாவாரியா சொன்னீங்க. அந்த சீட்டுல ஒருத்தன் செத்துக் கிடக்கறதை எப்ப சொல்றதா இருந்தீங்க?" என்று ஒருவரை வெளுத்து வாங்கினார். பாட்டு தொடங்கியதும் 'அவர்கள் ஆடுகிறார்கள்' என்று ஒரே ஒருமுறை சொல்லிவிட்டு அதோடு காணாமல் போன குரலைத் தேடித் தரும்படி நேயர்களைக் கேட்டுக்கொண்டார். கொலைகாரனின் நிழல் தெரிந்த உடனேயே அவன் பெயரைப் போட்டு உடைத்த ஒரு மகானுக்குக் கிடைத்தது தனி அர்ச்சனை. "எல்லாரோடயும் சேர்ந்து ஏமாறுறதுக்கு எங்களுக்கும் உரிமை இருக்கு. நாங்களும் டிக்கெட் வாங்கித்தான் உள்ள வந்தோம்."

நல்லதை நல்லது என்று சொல்லவும் தெரியும். 'கதவைத் திறக்கிறான். யாரும் இல்லை.' இவ்வளவுதான் ஒரு குரல் சொன்னது. அதற்கு முழு மதிப்பெண் போட்டுவிட்டு, அந்த வாரம் முழுக்க அதையே சொல்லிச் சொல்லி மாய்ந்து போனார்.

அவரிடம் ஒரே சட்டம்தான். பார்த்ததைச் சொல்ல வேண்டும், கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, பூசி மெழுகக் கூடாது. ஒரு படத்தில் அம்மா மகளை ஓங்கி ஒரு அறை விடுகிறாள். தியேட்டரே அதிர்கிறது. வர்ணனைக் குரலோ, 'அம்மாவின் கை மகளின் கன்னத்தில் படுகிறது' என்றது. அன்றைக்கு ஜட்ஜம்மா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பதிவு செய்த பேச்சு கொஞ்ச நஞ்சமல்ல. "அறையைத் தடவலா மாத்தின குரலுக்குப் பூஜ்யம். எங்களுக்கு வலிக்கக் கூடாதுன்னு நினைச்சீங்களா? உங்க நல்ல மனசுக்கு நன்றி. வேற வேலை பாருங்க." அப்போது சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த கணவர் கையிலிருந்து ஒரு தட்டு விழுந்தது. சோப்பு வழுக்கியிருக்கும் என்று ஜட்ஜம்மா நினைத்துக்கொண்டார்.

கணவர் பஸ் கண்டக்டர். பெயரும் அதுவே ஆகிவிட்டது. செயலி, காதில் மாட்டுகிற கருவி எல்லாம் வருவதற்கு முன்னால் ஜட்ஜம்மாவுக்கு வர்ணனை செய்தவர் அவர்தான். நெரிசலான பஸ்ஸில் கடைசிப் படி வரைக்கும் கேட்கிற தொண்டை அது. அந்தத் தொண்டையால் ரகசியம் பேச முடியாது. அவருக்கு ஒரு அறைக்குள் வருவது என்றால் ஏறுவது, வெளியே போவது என்றால் இறங்குவது. "வில்லன் ஏறிட்டான். ஹீரோயின் பின்பக்கமா இறங்கிட்டா. மாமனார் படியிலயே நிக்கறார்." முன் வரிசைக்காரர்கள் திரும்பி முறைப்பார்கள். கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்த ஒரு பெரியவர் மட்டும் இடைவேளையில் எழுந்து வந்து, "உங்க பக்கத்துல உக்காந்துக்கலாமா" என்று கேட்டார்.

செயலி வந்ததும் கண்டக்டருக்கு வேலை போயிற்று. மனைவி காதில் கருவியோடு நிமிர்ந்து உட்கார்ந்திருக்க, பக்கத்தில் பொரி கொறிப்பதைத் தவிர அவருக்குச் செய்ய ஒன்றுமில்லை. "உன் ஆளு என்ன சொல்றாரு?" என்பார். "உஷ்" என்பார் ஜட்ஜம்மா. "இல்ல, அவன் பாக்கெட்ல ஏதோ வெச்சான், அதைச் சொன்னாரான்னு கேட்டேன்." சொல்லியிருந்தால் கண்டக்டர் முகம் சுருங்கிவிடும். சொல்லவில்லை என்றால் வீடு திரும்புகிற வரைக்கும் ஒரே உற்சாகம்தான்.

தியேட்டருக்கு வெளியே அவர் பதவிக்கு ஒரு ஆபத்தும் வரவில்லை. தெருவில் புதிதாக வந்த கடை, எதிரில் வருகிறவரின் முகம், மகன் முதன்முதலாக எழுந்து நின்ற அழகு, இப்போது அவன் வேலை பார்க்கிற ஊரிலிருந்து அனுப்புகிற புகைப்படங்கள், எல்லாம் கண்டக்டர் சொல்லித்தான் ஜட்ஜம்மாவுக்குத் தெரியும். அவர் சொல்வார், இவர் அப்படியே மனசில் எழுதிக்கொள்வார். ஊரிலுள்ள குரல்களையெல்லாம் கூண்டில் ஏற்றி விசாரித்த ஜட்ஜம்மாவுக்கு, அந்த ஒரு குரலை மட்டும் சந்தேகப்பட வேண்டும் என்று தோன்றியதே இல்லை.

மழைப் படத்துக்கு வருவோம். கல்யாணமான புதிதில் இருவரும் சேர்ந்து பார்த்த முதல் படம். வந்த வேகத்தில் தியேட்டரை விட்டு ஓடிவிட்ட படம் என்பதால் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது, அவர்கள் வீட்டில் அது மழைப் படம்தான். சிறையிலிருந்து வந்தவன், தான் விரும்பிய பெண்ணின் வீட்டு வாசலில் மழையில் நிற்கிறான். கடைசிக் காட்சியில் வசனமே கிடையாது. அவள் குடையோடு வெளியே ஓடிவந்து, இரும்புக் கதவைத் திறந்து, அவன் கையைப் பிடித்துக்கொள்ள, இருவரும் தெருவில் நடந்து போகிறார்கள் என்று அன்றைக்குக் கண்டக்டர் சொன்னார்.

அந்த முடிவைப் பற்றி ஜட்ஜம்மா பேசாத வாரமே இல்லை. சந்தோஷமான காட்சிக்குச் சோகமான இசையைப் போட்ட துணிச்சலைப் புகழ்வார். அதைவிட ஒரு படி மேலே போய், இரண்டு பேர் நடக்கும்போது ஒரே ஒரு ஆளின் காலடி மட்டும் கேட்கிறதே, அதைக் கவனித்தீர்களா என்பார். "ரெண்டு பேரும் ஒண்ணாயிட்டாங்கன்னு அந்த ஒத்தைக் காலடி சொல்லுது. எந்த டைரக்டருக்கு வரும் இந்த யோசனை?" ஒரு நேயர், "நீங்க சொல்ற முடிவு எனக்கு ஞாபகம் இல்லையே" என்று இழுத்தபோது, "படம் ஓடும்போது தூங்கினவங்க பேசக் கூடாது" என்று அவர் வாயை அடைத்துவிட்டார்.

பழைய படங்களைத் தூசி தட்டி எடுக்கிற ஒரு சங்கம் இந்தப் படத்தையும் எடுத்தது. வர்ணனையும் புதிதாகச் சேர்த்தார்கள். பகல் காட்சியாக ஒரு சிறப்புத் திரையிடல், படம் முடிந்ததும் ஜட்ஜம்மா மேடையேறிப் பேச வேண்டும் என்று அழைப்பு வந்தது. உலகத்திலேயே இந்தப் படத்தை இவ்வளவு கொண்டாடுகிற ஒரே ஆள் அவர்தானே.

அழைப்பு வந்த நாளிலிருந்து கண்டக்டருக்கு ஒவ்வொன்றாக வியாதி வந்தது. முதலில் முழங்கால். பிறகு முதுகு. அன்றைக்கு டியூட்டி மாற்ற முடியாது என்றார், மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். "பழைய படம்மா, இப்பப் பார்த்தா நல்லா இருக்காது. நினைப்புல இருக்கறது அப்படியே இருந்துட்டுப் போகட்டுமே" என்றார். "உங்களுக்குப் பொறாமை. உங்க இடத்துல இன்னொரு குரல் அந்தப் படத்தைச் சொல்லப் போகுதேன்னு" என்று ஜட்ஜம்மா சிரித்தார். கண்டக்டர் அதை மறுக்கக்கூட இல்லை. அதுவே ஜட்ஜம்மாவுக்கு உறைத்திருக்க வேண்டும்.

தியேட்டரில் அவருக்கு முன் வரிசையில் இடம், பக்கத்தில் கண்டக்டர். வர்ணனை ஒரு பெண் குரல். அலட்டல் இல்லை, அவசரம் இல்லை. பாதிப் படத்துக்குள்ளேயே ஜட்ஜம்மா மனசுக்குள் நல்ல மதிப்பெண் போட்டுவிட்டார். கடைசிக் காட்சி வந்தது. மழைச் சத்தம் ஆரம்பித்ததும் பழக்கம்போலப் பக்கத்தில் இருந்த கையைப் பிடித்துக்கொண்டார்.

'அவன் இரும்புக் கதவைத் திறந்து உள்ளே நிற்கிறான். மாடி ஜன்னலில் விளக்கு. அவள் ஜன்னலுக்கு வருகிறாள். அவனைப் பார்க்கிறாள்.' ஜட்ஜம்மா குடைக்காகக் காத்திருந்தார். 'விளக்கு அணைகிறது. அவன் வெளியே வந்து கதவைச் சாத்துகிறான். தெருவில் தனியாக நடக்கிறான்.'

இந்தப் பெண்ணுக்கு என்ன கேடு வந்தது, படத்தைப் பார்த்துத்தான் பேசுகிறாளா என்று முதலில் கோபம்தான் வந்தது. பூஜ்யத்துக்குத் தோதான வாக்கியங்களைக்கூடத் தேட ஆரம்பித்துவிட்டார். அப்போது அந்தச் சோக இசை எழுந்தது. இத்தனை வருஷம் பொருந்தாமலே அழகாக இருந்த இசை, இன்றைக்கு அச்சாகப் பொருந்தியது. பின்னாலேயே காலடிச் சத்தம். ஒரு ஆளின் காலடி. ஒரு ஆள் நடந்தால் ஒரு ஆளின் காலடிதான் கேட்கும். ஜட்ஜம்மா பிடித்திருந்த கையை மெதுவாக விட்டார்.

மேடையில் மைக்கைக் கொடுத்தார்கள். "இந்தப் படத்தைப் பத்தி நான் இதுவரைக்கும் பேசினது எல்லாத்தையும் வாபஸ் வாங்கிக்கறேன்" என்றார். "இதை இன்னிக்குத்தான் முதல் தடவையா பார்த்தேன். வர்ணனைக்கு முழு மதிப்பெண்." என்ன அடக்கம், என்ன பேச்சு என்று கூட்டம் கை தட்டியது. கண்டக்டர் மட்டும் தட்டவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில், வழக்கமாக நிறுத்தத்துக்கு நிறுத்தம் வெளியே என்ன தெரிகிறது என்று சொல்லிக்கொண்டு வருகிற கண்டக்டர் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. படம் போனால் போகட்டும், நிகழ்ச்சியில் உளறியதுகூடப் போகட்டும், ஊர் நாலு நாள் சிரித்துவிட்டு மறந்துவிடும். ஜட்ஜம்மாவை அரித்தது வேறு. தான் பார்த்ததாக நினைத்துக்கொண்டிருக்கிற எல்லாமே இந்த மனுஷன் வாயால் வந்ததுதான். அதில் எது படம், எது குடை? பயமாகத்தான் இருந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார். கண்டக்டர் எதிரில் உட்காராமல் நின்றார்.

"குடை எங்கேருந்து வந்துச்சு?"

"மழை பெய்யுதே, நனைஞ்சிடுவாளேன்னு…"

"வராதவ எப்படிங்க நனைவா?"

கண்டக்டர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "நீ என் கையைப் புடிச்சுக்கிட்டு 'வர்றாளா, வர்றாளா'ன்னு கேட்டுக்கிட்டே இருந்த. கல்யாணமாகி முதல் படம். விளக்கை அணைச்சுட்டான்னு சொல்ல வாய் வரலம்மா. அந்த நேரம் பார்த்துக் கதவுச் சத்தம் கேட்டுச்சு. அவளை இறக்கி விட்டுட்டேன்."

"வேற எதையெல்லாம் இறக்கி விட்டீங்க?"

"வேற ஒண்ணும் இல்ல."

"என்னங்க."

அந்த 'என்னங்க' புகார் பிரிவில் பெரிய பெரிய கோபக்காரர்களையே அடக்கிய 'என்னங்க'. கண்டக்டர் ஒவ்வொன்றாகக் கக்க ஆரம்பித்தார். "இந்த ஹால் சுவரு நீலம் இல்ல. கடைக்காரன் பச்சையைக் கொடுத்துட்டான். நீ நீலம்தான் வேணும்னு ஆசையா கேட்டியா…"

"நான் வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் நீலம் அமைதியான நிறம்னு சொல்லிட்டிருக்கேனே."

"அவங்களும் ஆமாம்னுதான் சொல்றாங்க."

"அப்புறம்?"

"உன் முடி. அங்கொண்ணு இங்கொண்ணு நரைச்சிருக்குன்னு சொன்னேன் இல்ல. முழுக்க நரைச்சாச்சு."

"எப்பலேருந்து?"

"அது ஆச்சு கொஞ்ச நாள்." கண்டக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அந்தக் கல்யாண போட்டோவுல ரெண்டு பேரும் அழகா சிரிக்கறோம்னு சொன்னது. நான் கண்ணை மூடியிருக்கேன். நீதான் நல்லா முழிச்சுப் பார்த்துக்கிட்டு இருக்க."

ஜட்ஜம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கோபத்தைக் கையில் பிடித்துக்கொண்டே சிரித்தார். கண்டக்டரும் தப்பித்தோம் என்று சேர்ந்து சிரித்தார். பாதிச் சிரிப்பில் ஜட்ஜம்மா நிறுத்தினார். கேட்க வேண்டிய கேள்வி அவருக்குப் பஸ்ஸிலேயே வந்துவிட்டது. கேட்கத்தான் இவ்வளவு நேரம் தைரியம் வரவில்லை.

"உங்க அம்மா சிரிச்சாங்களா?"

கண்டக்டருக்கு எந்தச் சிரிப்பு என்று விளங்கிவிட்டது. ஜட்ஜம்மா மருமகளாக இந்த வீட்டுக்குள் கால் வைத்த நாள் அது. ஹாலில் மாமியார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வாசலிலேயே நின்ற ஜட்ஜம்மாவின் காதில் கண்டக்டர் தொண்டையை முடிந்தவரை அடக்கி, "அம்மா உன்னைப் பார்த்துச் சிரிக்கறாங்க" என்றார். அந்த ஒரு சொல்லை நம்பி ஜட்ஜம்மா நேராகப் போய், துழாவி, மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு மாமியார் சாகும் வரைக்கும் இரண்டு பேரும் நகமும் சதையுமாகத்தான் இருந்தார்கள். அலுவலகத்தில் யாராவது மாமியாரைக் குறை சொன்னால், "எங்க மாமியார் என்னைப் பார்த்ததுமே சிரிச்சவங்க" என்று ஜட்ஜம்மா பெருமை அடித்துக்கொள்வார்.

"சிரிக்கல" என்றார் கண்டக்டர். அந்தப் பெரிய தொண்டையிலிருந்து இவ்வளவு சின்னக் குரல் வந்து ஜட்ஜம்மா கேட்டதில்லை. "மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாங்க."

"நான் கையைப் புடிச்சப்ப?"

"உருவிக்கப் பார்த்தாங்க. நீ விடல."

"வெக்கப்படறாங்கன்னு நினைச்சேன்."

"எனக்குத் தெரியும்."

ஜட்ஜம்மாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. வேண்டாம் என்று இழுத்த கையை விடாமல் பிடித்துக்கொண்டு, அன்பு என்று நினைத்து உட்கார்ந்திருந்திருக்கிறார். இத்தனை வருஷமும் அப்படித்தான் இருந்ததா? கடைசி வரைக்கும் இழுத்துக்கொண்டேதான் இருந்தார்களா? "அப்ப அவங்க என்னைப் பார்த்து எப்பவுமே சிரிக்கலையா?"

"சிரிச்சாங்க" என்றார் கண்டக்டர் அவசரமாக. "சத்தியமா சிரிச்சாங்க. ஆனா அன்னிக்கு இல்ல. ரொம்ப நாள் கழிச்சு. உப்பு டப்பாவை எடுத்த இடத்துல வெக்காம மாத்தி வெச்சுட்டாங்கன்னு நீ அவங்களைப் புடிச்சுத் திட்டினியே, அன்னிக்கு. 'எடுத்ததை எடுத்த இடத்துல வெக்கத் தெரியாதா, நான் எங்கன்னு போய்த் தேடுவேன்'னு வாங்கு வாங்குன்னு வாங்கின. நான் வாசப்படியில நின்னுக்கிட்டிருந்தேன். வீட்டுல குண்டு வெடிக்கப் போகுதுன்னு நினைச்சேன். அவங்க சிரிச்சாங்க."

"அதை ஏன் எனக்குச் சொல்லல?"

"முதல் நாளே சிரிச்சாங்கன்னு சொல்லிட்டேனே. அதையே மறுபடியும் எப்படிம்மா சொல்றது? இப்பத்தான் முதல் தடவையா சிரிக்கறாங்கன்னு சொன்னா, அப்ப அன்னிக்குன்னு கேப்ப. அதான் விட்டுட்டேன்."

ஜட்ஜம்மா அழுதார். இல்லாத சிரிப்பைக் கொடுத்ததற்காக அல்ல. இருந்த சிரிப்பு ஒன்று தன்னைத் தேடி வந்து, பக்கத்திலேயே நின்று, யாரும் சொல்லாமல் போய்விட்டதே என்றுதான் அழுதார். திட்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்து வந்திருக்கிறது, அது தெரியாமல் அவர் பாட்டுக்குத் திட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். கண்டக்டர் கையை நீட்டினார், பிறகு தொடலாமா கூடாதா என்று தெரியாமல் மேசை மேலேயே வைத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் ஜட்ஜம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். தியேட்டரில் படம் ஆரம்பிக்கும்போது உட்காருகிற மாதிரி.

"இப்பச் சொல்லுங்க. பார்த்ததை மட்டும் சொல்லுங்க. எப்படிச் சிரிச்சாங்க?"

கண்டக்டர் யோசித்தார்.

"கையில டப்பா இருந்துச்சு. முதல்ல புருவத்தைத் தூக்கினாங்க. வாயைத் திறக்கல. ஒரு பக்கத்து உதடு மட்டும் மேல போச்சு. உன் மூஞ்சியையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. அப்புறம் டப்பாவைப் பழைய இடத்துல வெச்சாங்க. சத்தம் வராம வெச்சாங்க. வெச்சுட்டு, அது மேல ஒரு தடவை தட்டினாங்க."

"அப்புறம்?"

"அவ்வளவுதான். நீ அந்தப் பக்கம் திரும்பிட்ட. அவங்க அடுப்பைப் பார்க்கப் போயிட்டாங்க."

"எவ்வளவு நேரம் சிரிச்சாங்க?"

"கொஞ்ச நேரம்தான். ரொம்ப நேரம்னு சொல்ல முடியாது."

ஜட்ஜம்மா தலையசைத்தார். ரொம்ப நேரம் என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார்.

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார். "புருவத்துலேருந்து."